கூடைக்குள் என்ன? படம் பிடித்தும் ஊகித்தும் படிக்கப் பழகுவது

கீழே உள்ள ஒரு வரியை மட்டும் படியுங்கள். அடுத்த வரிக்கு இப்போதே போக வேண்டாம்.

"முருகேசன் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்."

சரி, கூடைக்குள் என்ன இருக்கிறது? வரியில் அது இல்லை. ஆனாலும் உங்கள் மனதில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். கத்தரிக்காய், மல்லிகைப்பூ, மாம்பழம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் "இட்லி, மாமா" என்றாள். அவளுக்கு அப்போது பசி. உங்களுக்கு என்ன வந்ததோ அதை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வாருங்கள்.

"இன்னும் விடியவில்லை, முதல் பஸ் வர அரைமணி நேரம் இருந்தது."

உங்கள் முதல் படத்தில் வெயில் அடித்ததா? எனக்கு அடித்தது. இப்போது இருட்டாக்க வேண்டியிருக்கிறது. ஆள் சந்தைக்குக் கிளம்பியிருக்கிறார் போல. பூவுக்கு வாய்ப்பு கூடிவிட்டது.

"கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்தார்."

ஈரச் சாக்கு என்றால் வாடக்கூடிய பொருள். பூ, கீரை, வெற்றிலைக் கட்டு, இதில் ஏதோ ஒன்று.

"பாதிதான் உயிரோடு இருந்தன."

பூவும் கீரையும் ஒரே அடியில் காலி. கோழியாக இருந்தால் ஈரச் சாக்கு எதற்கு? விரால் மீனோ? விரால் தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நண்டாக இருக்குமோ?

"கட்டியிருந்த கொடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்."

நண்டுதான்.

ஐந்து வரிகளில் நீங்கள் செய்தது மூன்று வேலை: மனதில் ஒரு படம் பிடித்தீர்கள், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தீர்கள், வந்த வரியை வைத்து இரண்டையும் திருத்தினீர்கள். இந்தக் கட்டுரை சொல்லித்தரப் போவதும் அவ்வளவுதான். மூன்றாவது வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கூடையைப் பற்றி எதுவும் நினைக்காமல் வந்தவர் "பாதிதான் உயிரோடு இருந்தன" என்ற வரியைத் தடுக்காமல் தாண்டிப் போயிருப்பார். மனதில் பூக்கூடையைச் சுமந்து வந்தவருக்குத்தான் அந்த வரி தடுக்கியது. ஊகம் தப்பானதால்தான் அந்த வரி அவருக்குக் கண்ணில் பட்டது.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். நான் படித்த பள்ளியில் வாசிப்பு என்றால் திக்காமல், நிறுத்தாமல், சத்தமாக ஒப்பிப்பது. அதில் எனக்கு நல்ல பெயர். ஒரு பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்துவிட்டு உட்கார்ந்த பிறகு யாராவது "என்னடா படிச்சே?" என்று கேட்டால் வாய் வராது. கண் ஓடியது, நாக்கு ஓடியது, மனது திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

படிக்கும் முன்: ஒரு நிமிடம்

தலைப்பைப் பாருங்கள். படமோ அட்டவணையோ இருந்தால் பாருங்கள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, "இதில் என்ன வரும் என்று நினைக்கிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் ஏமாற்றிக்கொள்வோம். வாய்விட்டுச் சொன்னால் அது ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிடும்.

இந்த ஒரு நிமிடம் வீண் என்று தோன்றும். உளவியல் ஆய்வாளர்கள் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972-ல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொன்னால் தோன்றாது. சொற்கள் எல்லாம் எளிமையாக, ஆனால் எதைப் பற்றியது என்றே பிடிபடாத ஒரு பத்தியை அவர்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டினார்கள். பொருட்களைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும், ஒரே தடவையில் அதிகம் போடக்கூடாது என்கிற மாதிரி போகும் அது. துணி துவைப்பதுதான் விஷயம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படித்தபோது ஆட்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் வைத்திருந்தார்கள். படித்து முடித்த பிறகு "அது துணி துவைப்பதைப் பற்றி" என்று சொன்னதில் பயனே இல்லை. ஒன்றும் சொல்லப்படாதவர்களின் நிலைதான் அவர்களுக்கும். படம் பிடிக்க இடம் முதலிலேயே தயாராக இருக்க வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பத்திக்கு ஒரு படம்

வரிக்கு வரி படம் பிடிக்கப் போனால் மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். பத்தி முடிந்ததும் கண்ணை ஒரு நொடி பக்கத்திலிருந்து எடுத்து, "நான் எங்கே நின்று பார்க்கிறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசலிலா, மரத்தடியிலா, பஸ்ஸுக்குள்ளா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் மிச்சமெல்லாம் தானாக வரும்: வெளிச்சம் எப்படி, யார் எந்தப் பக்கம், கையில் என்ன.

கண்ணோடு நின்றுவிட வேண்டாம். முருகேசன் கூடையில் சேற்று வாடை இருக்கிறது, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தலையில் சும்மாடு இருந்திருக்க வேண்டும், இல்லையா? கதையில் அது இல்லை, ஆனால் கூடை தலையில் இருந்தது என்பதால் நம் படத்தில் வருகிறது. இது நல்ல சேர்க்கை. அவருக்கு வெள்ளை மீசை இருந்தது என்று நீங்கள் போட்டுக்கொண்டால் அதுவும் பரவாயில்லை, ஆனால் அது உங்கள் மீசை. பின்னால் கதையில் அவருக்கு முப்பது வயது என்று வந்தால் உடனே மழித்துவிட வேண்டும்.

படம் பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, பிறவியில் வருவதா என்று கேட்பார்கள். சொல்லிக்கொடுக்கலாம். மைக்கேல் பிரஸ்லி 1976-ல் வெளியிட்ட ஆய்வில், படிக்கும்போது மனதில் படம் பிடிக்கப் பழக்கப்பட்ட எட்டு வயதுப் பிள்ளைகள், பழக்கப்படாதவர்களைவிடக் கதையைப் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள்.

எங்கே நிறுத்தி ஊகிப்பது

பத்திக்கு நடுவே கண்ட இடத்தில் நிறுத்தி "அடுத்து என்ன?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். நிறுத்த வேண்டிய இடத்தைத் தமிழே காட்டிக்கொடுக்கும். பள்ளியில் உருபு, இடைச்சொல் என்று மனப்பாடம் செய்தோமே, அவை இங்கேதான் வேலைக்கு ஆகின்றன.

"மழை நன்றாகப் பெய்தும்..." என்ற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து வரப்போவது நடந்திருக்கக் கூடாத ஒன்று. ஏரி நிறையவில்லை, வயல் காய்ந்தே கிடந்தது, இப்படி ஏதோ ஒரு ஏமாற்றம். "பெய்ததால்" என்றிருந்தால் உங்கள் ஊகம் நேர் எதிராகப் போயிருக்கும். ஒரு விகுதிதான் வித்தியாசம். வேகமாகப் படிப்பவர் விகுதியைத்தான் முதலில் விழுங்குவார்.

"வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார்." இந்தக் 'கூட'வைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வகுப்பே ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது. வாத்தியார் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. இரண்டையும் எழுதியவர் சொல்லவே இல்லை, ஒரு 'கூட' போட்டுவிட்டுப் போய்விட்டார். அதே மாதிரி, "ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள்." சாப்பிடச் சொல்லி வந்தவர் மறுத்தாயிற்று, எழுந்து செருப்பைத் தேடுகிறார், வீட்டுக்காரம்மா அடுப்பங்கரை வாசலில் நிற்கிறார். அத்தனையும் 'ஆவது' என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வருகிறது. "பக்கத்து வீட்டுக்காரர் என் சைக்கிளை" என்ற இடத்தில் நமக்குத் தெரிவது சைக்கிளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்பது மட்டும்தான். எடுத்துப் போனாரா, துடைத்து வைத்தாரா, இடித்துத் தள்ளினாரா? தமிழ் படிக்கிற எல்லோரும் இந்த ஊகத்தைத் தெரியாமலேயே நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். செய்தித்தாளில் நான்கு வரி நீளும் வாக்கியங்களில்தான் இது வம்பில் மாட்டிவிடும். "...வரி உயர்த்தப்படும் என்று அதிகாரி கூறியதாகப் பரவிய தகவலில் உண்மையில்லை" என்று முடியும். பாதியில் நிறுத்தியவர் வரி உயர்ந்துவிட்டது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். நீள வாக்கியத்தில் கடைசிச் சொல் வரும்வரை படத்துக்கு ஆணி அடிக்காதீர்கள்.

சரிபார்ப்பது

கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்தது நடந்தால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, தப்பினால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவு போதும், குறிப்பு எழுத ஆரம்பித்தால் படிப்பு நின்றுவிடும். நூலகப் புத்தகம் என்றால் ஒரு துண்டுத் தாளில் போடுங்கள்.

படித்து முடித்ததும் கோடுகளை விடுங்கள், பெருக்கல் குறிகளுக்குத் திரும்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: நான் ஏன் அப்படி நினைத்தேன்? ஒரு சொல்லைத் தவறவிட்டேனா, எழுதியவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, எனக்கு அந்த விஷயமே தெரியாதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது என்றால் அந்த வரியை மறுபடி படியுங்கள். இரண்டாவது என்றால் ரசியுங்கள். மூன்றாவது என்றால் தெரிந்தவரைக் கேளுங்கள். பக்கம் முழுக்கக் கோடாகவே இருந்தால் அந்தப் புத்தகம் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி என்றால் உங்களுக்கு அது இன்னும் கொஞ்சம் சீக்கிரம். இதைவிட எளிதான ஒன்றில் தொடங்குங்கள்.

கதை இல்லாத இடத்தில்

"கதைக்கு இதெல்லாம் சரி, பாடத்துக்கும் செய்திக்கும்?" என்பார்கள். அங்கேதான் இது அதிகம் உதவும் என்பது என் கட்சி.

நான் இருப்பது காவிரிப் பாசனப் பகுதி. ஜூன் 12 நெருங்கினால் எங்கள் பக்கம் எல்லோரும் பேப்பரில் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டம். குறுவை நெல் சாகுபடிக்கு அணையைத் திறக்கும் வழக்கமான நாள் அது. "நீர்மட்டம் 60 அடி" என்று போட்டிருக்கும். முழு மட்டம் 120 அடி. ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம். அதில் ஆறாவது மாடி வரை தண்ணீர். படம் வந்துவிட்டது. இப்போது ஊகம்: அணையில் பாதித் தண்ணீர் இருக்கிறது.

தப்பு. பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என் மனதில் இருந்தது வீட்டு மாடியில் இருக்கும் சிமென்ட் தொட்டி. அணைக்குப் பின்னால் இருப்பது ஆற்றுப் பள்ளத்தாக்கு. அடியில் குறுகி, மேலே போகப் போக விரியும். எண்ணெய் ஊற்றும் புனலில் பாதி உயரத்துக்கு ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு கொஞ்சமாகப் பிடிக்கிறது! அதனால் 60 அடியில் இருக்கும் நீர், முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) பாதிக்கு ரொம்பக் கீழே. தொட்டியை எடுத்துவிட்டுப் புனலை வைத்த பிறகு, "நீர்மட்டம் மளமளவென உயர்ந்தது" என்பதும் "மெல்ல உயர்கிறது" என்பதும்கூட எனக்கு வேறு மாதிரி புரிய ஆரம்பித்தன. அடியில் இருக்கும்போது கொஞ்சம் வரத்து வந்தாலே மட்டம் ஏறும், மேலே போகப் போக ஒரு அடி ஏறவே நிறைய வேண்டும்.

எண்ணுக்கும் படம் வேண்டும். "வினாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்பது காதில் சும்மா ஓடிவிடும். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், அதாவது நம் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு. கண் சிமிட்டும் நேரத்தில் இருபதாயிரம் குடம் கவிழ்கிறது. இதைப் பார்த்த பிறகு கரையோர மக்களுக்கு எச்சரிக்கை ஏன் விடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தெரிந்த விஷயத்தில்தான் ஊகம் நன்றாக ஓடும் என்பதும் இதிலேயே தெரிகிறது. மே கடைசியில் மட்டம் எவ்வளவு என்று பார்த்தே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திறப்புச் செய்தி எப்படி வரும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களில் சிலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்காவில் 1988-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே சங்கதிதான். பேஸ்பால் ஆட்டம் நன்றாகத் தெரிந்த, ஆனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஒரு பேஸ்பால் பத்தியைப் பற்றி ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே படமும் ஊகமும் வரவில்லை என்றால் உடனே உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், அந்த விஷயத்தில் ஒரு சின்னக் காணொளியோ நாலு பேச்சோ முதலில் தேவைப்படலாம்.

பிள்ளைகளோடு

ஆன் மேரி பாலின்ஸ்காரும் ஆன் பிரவுனும் 1984-ல் விவரித்த முறை ஒன்று உண்டு. பிள்ளைகளே முறை வைத்து வாத்தியாராக உட்கார்ந்து, பத்தியைச் சுருக்கிச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், புரியாததைத் தெளிவாக்குவார்கள், அடுத்து வரப்போவதை ஊகிப்பார்கள். வீட்டில் நான்கையும் இழுத்துப் போட வேண்டாம். நாங்கள் செய்வது ஒரு ஸ்கேல் விளையாட்டு. பக்கத்தின்மேல் ஸ்கேலை வைத்து மிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒரு பத்தி அவள், ஒரு பத்தி நான். பத்தி முடிந்ததும் படித்தவர் படத்தைச் சொல்ல வேண்டும், கேட்டவர் அடுத்ததை ஊகிக்க வேண்டும். மாமாவின் ஊகம் தப்பும்போது அவளுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே! அதற்காகவே நான் சில நேரம் முட்டாள்தனமாக ஊகிப்பேன்.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். ஊகிக்க வேண்டியது விஷயத்தை. எழுத்தை ஊகிக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு "கப்பல்" என்று எழுதியிருப்பதைப் "படகு" என்று படிக்கும் பிள்ளைக்கு "நல்ல ஊகம்" என்று தட்டிக்கொடுக்காதீர்கள். "என்ன எழுத்தில் தொடங்குது பாரு" என்று திரும்ப வையுங்கள். எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளைக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள், அவள் படத்தையும் ஊகத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

படமே வராவிட்டால்

சிலருக்குக் கண்ணை மூடினால் இருட்டு மட்டும்தான். அம்மாவின் முகத்தைக்கூட மனதில் கொண்டுவர முடியாது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் சீமன் 2015-ல் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார். இது நோய் கிடையாது. இப்படி இருப்பவர்களில் நன்றாகப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் உண்டு. நீங்கள் அந்த ரகம் என்றால் படத்தை மனதிலிருந்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் முருகேசன், தீப்பெட்டி கூடை, பேனா பஸ் வரும் சாலை. அமெரிக்காவில் ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பண்ணைக் கதை படிக்கும் சிறுவர்கள் பொம்மை விலங்குகளை வரிக்கேற்ப நகர்த்தியபோது கதை நன்றாகப் பிடிபட்டது. குழம்பிய துப்பறியும் கதையில் யார் எந்த அறையில் இருந்தார் என்பதை நான் இன்றும் புளியங்கொட்டை வைத்துத்தான் பார்க்கிறேன். எனக்குப் படம் வரும், இருந்தாலும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. படம் அதிகமாக வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். கதையில் தேர் வந்தால் நம் ஊர்த் தேர், தேரென்றால் ராட்டினம், ராட்டினத்தில் வாந்தி எடுத்த சித்தப்பா மகன் என்று போய், கண் மட்டும் பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். கதையில் இல்லாத ஆள் ஒருவர் உங்கள் படத்தில் பேச ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். கடைசியாகத் தெளிவாக இருந்த வரிக்குத் திரும்புங்கள்.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. ரயில் நேரம், மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம் ஆகியவற்றை ஊகிக்கவே கூடாது. எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நாளுக்குப் பத்து நிமிடம், ஒரு சிறுகதையில் இரண்டு பக்கம், நாலைந்து நிறுத்தம். முதல் சில நாள் வேகம் பாதியாகக் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். வரி தடுக்கினால் தானாக நிற்கிற பழக்கம் வந்த பிறகு பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துவிடலாம்.

இன்றைக்கே தொடங்க நினைத்தால் முருகேசன் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது வரி இது:

"முதல் பஸ் வந்து நின்றது, அவர் எழுந்திருக்கவில்லை."

ஏன்? உங்கள் பதிலை ஏழாவது வரியாக எழுதிவிட்டு, ஐந்து வரிகளில் எந்தச் சொல் உங்களுக்கு அதைச் சொன்னது என்று அடிக்கோடிடுங்கள். அக்கா மகள் "உயிரோடு" என்பதன் கீழே கோடு போட்டாள். நான் "பாதிதான்" என்பதில் வந்த 'தான்' கீழே போட்டேன்.